அறையைக் கேட்டுச் சாமான் வாங்குங்கள்
வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் வீட்டுச் சாமான் பற்றியவை. புது வீட்டுக்குக் குடிபோனவர்கள், தோட்டத்து லயத்துக் காம்பராவையே (வரிசை வீட்டு அறையையே) கொஞ்சம் அழகாக்கிப் பார்க்க நினைக்கிறவர்கள், வாங்கிய அலுமாரி கெட்டுப்போய் மனம் நொந்தவர்கள் என்று எல்லாரும் எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் சொல்லும் ஆலோசனை எல்லாம் கொழும்பு வீடுகளுக்குச் சரி, நம் மலையகத்து மழைக்கும் மூடுபனிக்கும் அது சரிவராது. அதனால் சில கேள்விகளுக்கு விரிவாகவே எழுதுகிறேன்.

*அக்கா, லயத்தை விட்டு ஏழு பேர்ச் காணியில் புது வீடு கிடைத்து மூன்று மாதம் ஆகிறது. ஹோல் 10 அடிக்கு 11 அடி. எல் வடிவ சோபா செட் ஒன்று கடையில் பார்த்து வைத்திருக்கிறோம், மகளுக்கு அதில் ரொம்ப ஆசை. வாங்கலாமா?*
- வாசகி, தலவாக்கலை

முதலில் என் வாழ்த்தைச் சொல்லிவிடுகிறேன். பாட்டி காலத்திலிருந்து ஒரே காம்பராவில் இருந்து பழகிய குடும்பத்துக்குத் தனி வாசல், தனிக் கூரை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அந்த ஹோலைப் பார்த்துப் பார்த்து அலங்கரிக்க வேண்டும் என்ற உங்கள் ஆசையும் நியாயம்தான்.

ஆனால் அந்த சோபாவுக்கு இன்னும் முற்பணம் கட்டாதீர்கள். வீட்டில் கிடக்கும் பழைய பேப்பர்களை எடுங்கள். கடையில் சோபாவை நாடாவால் அளந்து, அதே அளவுக்குப் பேப்பரை ஒட்டி, நீங்கள் போட நினைக்கும் மூலையில் தரையில் விரியுங்கள். இரண்டு நாள் அதை மிதிக்காமல் வீட்டில் நடமாடிப் பாருங்கள். எல் வடிவம் என்றால் ஒரு பக்கம் 7 அடி, மறுபக்கம் 6 அடி, ஆழம் 3 அடி என்று வரும். கணக்குப் போட்டால் 30 சதுர அடி. உங்கள் ஹோல் மொத்தமே 110 சதுர அடிதானே, நாலில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே போய்விடும். அதற்கப்புறம் டீவி மேசை, முன்கதவு திறக்கும் இடம், குசினிக்குப் போகிற வழி. ஆள் தாராளமாக நடக்க இரண்டரை அடியாவது வேண்டும், சோபாவுக்கும் டீப்போவுக்கும் (முன்னால் போடும் சின்ன மேசைக்கும்) நடுவில் ஒன்றரை அடி வேண்டும். இதெல்லாம் எங்கே இருக்கிறது என்று அந்தப் பேப்பரே உங்களுக்குக் காட்டிவிடும்.

இன்னொன்றையும் அளக்க வேண்டும், பலபேர் மறந்துவிடுகிறார்கள். லொறி நிற்கிற இடத்திலிருந்து உங்கள் வாசல் வரைக்கும் உள்ள படி, வளைவு, அப்புறம் முன்கதவின் அகலம். எங்கள் சித்தி வீட்டில் இப்படித்தான் ஆனது. நாலு பேர் தோளில் தூக்கி அறுபது எழுபது படி இறக்கிக்கொண்டு வந்த சோபா வாசலில் நுழையவில்லை. கதவைக் கழற்றியும் பார்த்தார்கள், முடியவில்லை. இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) பொலித்தீன் போட்டு மூடி வைத்தார்கள், இரண்டு நாள் அடைமழை. கடைசியில் கையைக் கழற்றி உள்ளே கொண்டுபோனார்கள், ஆனால் அந்தப் பஞ்சுக்குள் இறங்கிய ஈர வாடை அதன்பிறகு போகவே இல்லை. சித்தி அந்தத் தவணையைக் கட்டி முடிக்கும் வரைக்கும் அந்த வாடையோடுதான் இருந்தார்.

நம் வீடுகளில் ஹோல் என்பது டீவி பார்க்க மட்டும் உள்ள இடமில்லை. தீபாவளிக்கு நாலு குடும்பம் வந்தால் அங்கேதான் பாய் விரிக்கிறோம், பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள், ஒரு நல்லது கெட்டது என்றால் எல்லாச் சாமானையும் வெளியே எடுத்துவிட்டுச் சனம் உட்கார இடம் விடுகிறோம். அதனால் இரண்டு பேர் பிடித்தால் தூக்கி நகர்த்தக்கூடிய சாமானாக வாங்குங்கள். என் யோசனை இதுதான்: ஒரு சுவரோரம் நீளமான மர வாங்கு (பெஞ்ச்) ஒன்று, கீழே மூடிபோட்ட பெட்டியாகச் செய்தால் போர்வை, பாய் எல்லாம் அதற்குள் போய்விடும். அதற்கு மேலே மூன்று அங்குலக் கனத்தில் தனித்தனி மெத்தை, உறைக்கு சிப் வைத்துத் தையுங்கள், கழற்றித் துவைக்கலாம். எதிரே இரண்டு பிரம்புக் கதிரை. கொழும்பு - கண்டி வீதியில் ரதாவடுன்ன, வேவெல்தெனிய பக்கம் போகும்போது இரு மருங்கிலும் பிரம்புச் சாமான் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அங்கே உட்கார்ந்து பார்த்து, ஆட்டிப் பார்த்து வாங்கலாம். ஆனால் வார்னிஷ் பூசாத பிரம்பு நம் குளிருக்குப் பூஞ்சணம் பிடிக்கும், வார்னிஷ் பூசியதாகப் பாருங்கள், வெயில் வரும் நாளில் வெளியே எடுத்து வையுங்கள்.

மகளின் ஆசையை விட்டுவிடாதீர்கள். மெத்தை உறைக்கும் கர்ட்டனுக்கும் துணி தெரிவு செய்யும் பொறுப்பை அவளிடமே கொடுங்கள். மருதமுனைக் கைத்தறித் துணியில் நல்ல கோடு போட்டது, கட்டம் போட்டது எல்லாம் வருகிறது, துவைத்தாலும் உழைக்கும். ஒரு ஹோலுக்கு நிறம் கொடுப்பது அந்தத் துணிதான், சோபாவின் வடிவம் இல்லை.

*வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகாத அலுமாரியில் உடுப்பெல்லாம் பூஞ்சணம். பின்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது, கதவும் சரியாக மூடவில்லை. அந்துருண்டை போட்டும் பயனில்லை. என்ன செய்வது?*
- வாசகி, மஸ்கெலியா

அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சணத்துக்கு அது ஒன்றும் செய்யாது. அலுமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறீர்கள், சரிதானே? அந்தச் சுவர் இரவு முழுக்க மழையிலும் பனியிலும் குளிர்ந்து கிடக்கிறது. குசினியில் தண்ணீர் கொதிக்கிறது, மழைநாளில் உடுப்பை வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போடுகிறோம், ஆட்கள் மூச்சு விடுகிறோம், இந்த ஈரமெல்லாம் காற்றில் கலந்து அந்தக் குளிர்ந்த சுவரில் பட்டு நீராக இறங்குகிறது. குளிர்ந்த தண்ணீர் கிளாஸின் வெளிப்பக்கம் வேர்ப்பதைப் போலத்தான். அலுமாரிக்குப் பின்னால் காற்றே போகாததால் அது காயவும் காயாது.

முதலில் உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு அலுமாரியை இழுத்துப் போடுங்கள். சுவரை வினாகிரி தொட்ட துணியால் துடையுங்கள், அல்லது தண்ணீர் கலந்த ப்ளீச்சால் துடையுங்கள், ஆனால் இரண்டையும் ஒருபோதும் கலக்க வேண்டாம், கலந்தால் நச்சு வாயு கிளம்பும். மூக்குவாயை மூடிக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு காம்பராவுக்கும் நடுவில் உள்ள உட்சுவர் பக்கம் அலுமாரியை மாற்றுங்கள். அதற்கு வழி இல்லையென்றால் சுவரிலிருந்து நாலு அங்குலமாவது தள்ளி வையுங்கள். அடியில் செங்கல்லோ மரக்கட்டையோ வைத்துத் தரையிலிருந்து நாலு அங்குலம் உயர்த்துங்கள், துடைப்பம் உள்ளே போய்வந்தால் சரியான உயரம். உள்ளே ஒரு தகரப் பேணியில் அடுப்புக்கரி போட்டு வைத்து, மாதம் ஒருமுறை வெயிலில் காயவைத்து மறுபடி போடுங்கள். காலையில் சமையல் முடிந்ததும் அரைமணி நேரம் ஜன்னல், அலுமாரிக் கதவு எல்லாம் திறந்திருக்கட்டும், மழை நின்ற நேரம் பார்த்து.

கதவு மூடாததற்குக் காரணம் வேறு. அது சிப்போர்ட் பலகையாக இருக்கும். மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்தது, மேலே மெலமைன் ஒட்டியிருப்பதால் பார்க்க மரம்போலவே இருக்கும். தண்ணீர் அந்த மேல்பக்கத்தால் உள்ளே போகாது, விளிம்பாலும் ஆணி போட்ட ஓட்டையாலும்தான் போகும். நானும் ஒருமுறை தவணைக்கு அப்படி ஒன்றை வாங்கினேன். இரண்டாவது மழைக்காலத்தில் அடிப்பலகையின் விளிம்பு, தேத்தண்ணியில் தோய்த்த ரஸ்க் மாதிரி ஊதி நின்றது. விரலால் தொட்டேன், தூளாக உதிர்ந்தது. கீல் ஆணி பிடிப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஒருமுறை ஊதினால் காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. அந்தத் தவணைக் காசைச் சேர்த்து வைத்திருந்தால் மரத்திலேயே சின்னதாக ஒன்று செய்திருக்கலாமே என்று எவ்வளவோ நாள் மனம் வெந்திருக்கிறேன். வேறு வழியில்லாமல் அதைத்தான் வாங்குகிறீர்கள் என்றால், கால் வைத்ததாக வாங்குங்கள், எல்லா விளிம்பிலும் பட்டி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், பின்பக்க விளிம்புக்கும் அடிக்கும் நீங்களே இரண்டு தடவை வார்னிஷ் பூசுங்கள்.

*மரவேலை பாஸ் ஒருவரிடம் கட்டிலும் சாப்பாட்டு மேசையும் செய்யக் கொடுக்கப் போகிறோம். தேக்கு விலை கட்டுப்படியாகாது. எந்த மரம் நல்லது? போன முறை செய்த மேசை லாச்சி மழைக்காலத்தில் திறக்கவே மாட்டேன் என்கிறது.*
- வாசகர், பண்டாரவளை

லாச்சியிலிருந்து தொடங்குகிறேன். மரம் ஈரக்காற்றில் ஊதும், வரண்ட காற்றில் சுருங்கும், அதுவும் நீளவாக்கில் இல்லை, அகலவாக்கில். உங்கள் பக்கம் ஆடி மாதக் காற்றில் எல்லாம் வரண்டு கிடக்கும், ஐப்பசிக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும். ஹட்டன், வட்டவளைப் பக்கம் இதற்கு நேர்மாறு, வைகாசியிலிருந்து அங்கே மழை. உங்கள் பாஸ் வரண்ட காலத்தில் இறுக்கமாகச் செய்த லாச்சி மழைக்காலத்தில் இறுகுவது இயல்புதான். இப்போதைக்கு லாச்சி ஓடுகிற இடத்தில் மெழுகுதிரியைத் தேய்த்துவிடுங்கள். புதிதாகச் செய்யும்போது இரண்டு பக்கமும் மெல்லிய இடைவெளி விடச் சொல்லுங்கள்.

மரம் என்றால் பலா என் முதல் தெரிவு. செய்த புதிதில் மஞ்சளாக இருக்கும், வருடம் போகப்போகப் பழுத்துத் தவிட்டு நிறத்துக்கு வரும், அந்த நிறத்தை எந்தப் பூச்சாலும் கொண்டுவர முடியாது. ஆனால் பலாவை வெட்ட அனுமதி வேண்டும், பக்கத்துத் தோட்டத்தில் மலிவாகத் தருகிறார்கள் என்று பத்திரம் இல்லாத மரத்தில் கைவைக்காதீர்கள். மகோகனியும் நல்லது. காசு குறைவென்றால் நம் பக்கம் நட்டு வளர்த்த கிராண்டிஸ் என்ற யூக்கலிப்டஸ் மரம் இருக்கிறது, மேசைக்கும் கட்டிலுக்கும் தாராளமாகப் போதும். ஒரே நிபந்தனை, பச்சையாக இருக்கக் கூடாது. அறுத்த பலகைக்கு நடுவில் ரீப்பை (ஒல்லிக் கட்டை) வைத்து அடுக்கி நிழலில் மாதக்கணக்கில் காயவிட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் முறுக்கிக்கொண்டு வெடிக்கும். டர்பன்டைன் என்ற மரம் கல் மாதிரி, கட்டில் காலுக்கு நன்றாயிருக்கும், பாஸின் உளிதான் பாவம். ரப்பர் மரம் மருந்து ஏற்றியதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள், அல்பீசியாவில் கட்டில் வேண்டவே வேண்டாம்.

செய்து வைத்த சாமானாக வாங்கினால் மேல்பக்கப் பளபளப்பைப் பார்க்காதீர்கள். லாச்சியை முழுதாக இழுத்து, திருப்பி, பொலிஷ் போடாத அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கேதான் மரத்தின் சொந்த நிறம் தெரியும். ஓரத்தில் வெளிறிய பட்டை ஓடினால் அது மரத்தின் வெள்ளை, உளுப் பூச்சி முதலில் அங்கேதான் விழும். குண்டூசி முனை அளவு ஓட்டையும் அதற்குக் கீழே மா மாதிரி தூளும் கண்டால் ஒன்றும் பேசாமல் கிளம்பிவிடுங்கள். அந்த ஒரு சாமானில் இருந்து வீட்டில் உள்ள மற்ற மரத்துக்கும் பரவும்.

*எங்கள் காம்பராவில் ஒரே ஒரு சின்ன ஜன்னல். பகலிலும் லைட் போட வேண்டியிருக்கிறது. என்ன நிறம் அடிக்கலாம்?*
- வாசகி, கொட்டகலை

தூய வெள்ளை அடித்தால் வெளிச்சமாகும் என்று சொல்வார்கள். மேகமூட்டமான நாளில் நம் வெளிச்சமே நீலம் பாய்ந்தது, அதில் தூய வெள்ளைச் சுவர் சாம்பல் நிறமாகத் தெரியும், பார்க்கவே குளிரும். கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை, பால்கோவா நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை அடியுங்கள். சீலிங்குக்கும் அதே நிறம். தரையிலிருந்து மூன்று அடி வரைக்கும் துடைக்கக்கூடிய பெயின்டில் கொஞ்சம் அடர்த்தியாக ஏதாவது, பிள்ளைகளின் கை படும் இடம் அதுதானே.

பல்ப் வாங்கும்போது பெட்டியில் உள்ள எண்ணைப் பாருங்கள். 6500கே என்றால் நீலம் பாய்ந்த வெள்ளை, 3000கே என்றால் இளமஞ்சள். படுக்கிற, உட்காருகிற இடத்துக்கு 3000தான். கரண்ட் செலவில் வித்தியாசம் இல்லை. பிள்ளை படிக்கிற மேசைக்கு மட்டும் தனியாக ஒரு வெள்ளை லைட் போதும். கண்ணாடியை ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டுங்கள், வரும் வெளிச்சத்தை அது திருப்பித் தரும். ஜன்னலுக்குக் கீழே அலுமாரி, டீவி என்று உயரமாக எதையும் வைக்காதீர்கள். கர்ட்டன் கம்பியை ஜன்னலைவிட இரண்டு பக்கமும் அரை அடி நீளமாகப் போட்டால், திறக்கும்போது துணி சுவருக்குப் போய்விடும், ஜன்னல் முழுதாகக் கிடைக்கும்.

*குளிருக்கு ஹோல் முழுக்கக் கார்ப்பெட் போடலாமா?*
- வாசகர், நுவரெலியா

வேண்டாம். அடியில் ஈரம் பிடித்தால் உங்களால் அதை எடுத்துக் காயப்போட முடியாது, பிள்ளைகளுக்குச் சளியும் இழுப்பும்தான் மிஞ்சும். கொடியில் தூக்கிப் போடக்கூடிய அளவில் இரண்டு மூன்று விரிப்பு வாங்கி, கட்டில் பக்கத்திலும் இருக்கை முன்னாலும் போடுங்கள்.

*ஒரு அறையை ஹோம்ஸ்டேக்கு விட நினைக்கிறோம். வெள்ளைக்காரர்களுக்கு என்ன மாதிரி அலங்காரம் பிடிக்கும்?*
- வாசகர், ஹப்புத்தளை

அலங்காரத்துக்கு முன் கட்டிலைப் பாருங்கள். நம் சாதாரண கட்டில் 6 அடி நீளம், அவர்களில் பலருக்குக் கால் வெளியே நிற்கும். ஆறரை அடியில் செய்யுங்கள். ஈர உடுப்பைத் தொங்கவிட நல்ல கொக்கிகள், பையை வைக்க ஒரு தாழ்ந்த வாங்கு, கனமான போர்வை இரண்டு. சுவரில் கடையில் விற்கும் சூரிய அஸ்தமனப் படம் வேண்டாம், அவர்கள் மலையைப் பார்க்கத்தான் வருகிறார்கள், கதிரையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுங்கள். சுவருக்கு ஒன்று வேண்டுமென்றால் கண்டிக்குப் பக்கத்தில் தும்பறையில் நெய்கிற பாய்த் தொங்கல் நல்ல தெரிவு, நாரில் நெய்தது, நம் நாட்டுக் கைவேலை.

*அக்கா, எனக்குக் கொழும்பில் வேலை. வீட்டைத் திருத்தி, டைல் போட்டு, எல்லாம் புதிதாக மாற்றுகிறேன். அம்மா மட்டும் பழைய தகரப் பெட்டி, தேயிலைக் கொழுந்துக் கூடை, அப்பா செய்த முக்காலி எதையும் விடமாட்டேன் என்கிறார். நண்பர்கள் வந்தால் என்ன நினைப்பார்கள்? புது ஸ்டைலோடு இதெல்லாம் எப்படிப் பொருந்தும்?*
- வாசகர், பொகவந்தலாவை

தம்பி, பொருந்தும். பொருந்தாமல் தெரிவதற்குக் காரணம் அவை மூலையில் குப்பைபோலக் குவிந்து கிடப்பதுதான். அப்பாவின் முக்காலியை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் பூசி, உங்கள் புதுக் கட்டில் பக்கத்தில் வையுங்கள். போனும் தண்ணீர்க் கிளாஸும் வைக்க அதைவிட நல்ல மேசை கடையில் இல்லை. தகரப் பெட்டியின் துருவைச் சுரண்டி, ஒரே நிறமாக, கரும்பச்சையோ கருநீலமோ அடித்து, சின்னக் கால் வைத்து ஹோலில் டீப்போவாகப் போடலாம், உள்ளே கம்பளி வைக்கலாம். தோட்டத்தில் மீள்நடுகைக்குப் பிடுங்கிய பழைய தேயிலை அடிக்கட்டையைக் கழுவிக் காயவைத்து மேலே கண்ணாடி போட்டு நுவரெலியாவில் வெளிநாட்டுக்காரருக்கு என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? நம் வீட்டுக் கொல்லையில் அதை விறகாக எரித்துக்கொண்டு இருக்கிறோம்.

ஸ்டைல் என்று நீங்கள் சொல்வது பெரிய வித்தை இல்லை. ஒரு அறையில் இரண்டு மூன்று நிறத்துக்கு மேல் போகாமல், மரத்தின் நிறம் ஒன்றுக்கொன்று அடித்துக்கொள்ளாமல், ஒவ்வொரு பொருளைச் சுற்றியும் கொஞ்சம் வெறும் இடம் விட்டால் பழசும் புதுசும் சேர்ந்து நிற்கும். வெள்ளை டைலும் வெள்ளைச் சுவரும் போட்ட வீடு வெறிச்சென்று இருக்கும், அதற்கு ஒரு முகம் கொடுக்கப் போவது இந்த மூன்று சாமான்தான்.

கூடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இப்போது பல தோட்டங்களில் நைலோன் பைக்கு மாறிவிட்டார்கள், மூங்கில் கூடை முடைகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். உங்கள் அம்மாவின் கூடையில் அந்தத் தலைக்கயிற்றை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். நெற்றியில் பட்ட இடம் மட்டும் வழவழவென்று கறுத்திருக்கும், மற்ற இடத்தில் நார் சொரசொரப்பாக இருக்கும். எத்தனை வருடக் கொழுந்து அந்த இடத்தில் தொங்கியிருக்கிறது! உங்கள் படிப்புச் செலவும் அந்தக் கயிற்றில்தான் வந்திருக்கும். நண்பர்கள் கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் ஒரு கதை இருக்கிறது, கடையில் வாங்கிய பூச்சாடியைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

அதற்குத் தங்க நிறம் அடிக்க வேண்டாம், பிளாஸ்டிக் பூ வைக்க வேண்டாம், அழுக்குத் துணி போடும் கூடையாகவும் ஆக்க வேண்டாம். தூசியைத் தூரிகையால் தட்டி, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, மெல்லிய வார்னிஷ் ஒரு தடவை மட்டும் பூசுங்கள், கயிற்றில் பூச வேண்டாம். முன்கதவுக்கு நேரே, மழைச்சாரல் படாத உட்சுவரில், மேலிருந்து ஒரு மஞ்சள் லைட் விழுகிற மாதிரி மாட்டலாம். ஆணி அடிக்கும் முன் அம்மாவைக் கூப்பிட்டு, எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று அவரையே கைவைத்துக் காட்டச் சொல்லுங்கள்.